1919 குவாரண்டைன் போட்டோ ரெண்டு கிடைச்சிருக்கு, கப்பல்ல ஏன் கருப்புக் கொடி?

பழசுபிரியன்:

வணக்கம் மக்களே. நான் சிட்னில இருக்கேன், பழைய போட்டோ சேக்கறது பொழுதுபோக்கு. இங்க ஒரு ஞாயித்துக்கிழமை சந்தையில ஆல்பம் ஒண்ணு வாங்கினேன். ஆல்பம்னு சொல்றதே ஜாஸ்தி, பாதிப் பக்கத்த யாரோ கிழிச்சு எடுத்துட்டாங்க, பேர் எழுதியிருக்க வேண்டிய முதல் பக்கமும் இல்ல. மிச்சம் இருக்கறது எல்லாம் முதல் உலகப்போர் சமயத்துல ஒரு ஆஸ்திரேலிய சிப்பாய் எடுத்த மாதிரி தெரியுது, எகிப்துல ஒட்டகம், பிரமிட் முன்னாடி கூட்டமா நின்னு ஒண்ணு, அப்புறம் இடிஞ்சு போன சர்ச், சேறு, கப்பல் மேல்தளத்துல குத்துச்சண்டை இப்படி.

கடைசிப் பக்கத்துல ரெண்டு படம் தான் என்ன தூங்க விடல.

முதல் படம்: ஒரு சின்ன மரத்துறை. சிப்பாய்ங்க மூட்டைய தோள்ல வெச்சுட்டு வரிசையா நிக்கறாங்க, சில பேரு மூக்குக்கும் வாய்க்கும் வெள்ளைத் துணி கட்டியிருக்காங்க, சில பேரு அத கழுத்துக்கு இறக்கி விட்டுட்டு சிரிக்கறாங்க. பின்னாடி தண்ணில ஒரு பெரிய கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா அதோட பாய்மரத்து உச்சியில கருப்பா ஒரு கொடி.

ரெண்டாவது படம்: பரந்த புல்வெளி. அதே மாதிரி மூட்டைங்க, ஆனா இதுல எல்லாரும் உக்காந்தும் படுத்தும் கெடக்கறாங்க, ஒருத்தன் தொப்பிய மூஞ்சில கவுத்துட்டு தூங்கறான். பின்னாடி ரெண்டு மாடில ஒரு நீளமான கட்டடம், இரும்புக் கம்பி வேலைப்பாடு, மேல சின்ன கோபுரம். ஆஸ்பத்திரி மாதிரி சத்தியமா இல்ல, கிரிக்கெட் மேட்ச் பாக்கற ஸ்டாண்ட் மாதிரி இருக்கு.

ரெண்டுக்கும் பின்னாடி பென்சில்ல "குவாரண்டைன், பிப்ரவரி 1919"னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, அவ்ளோதான்.

என் கேள்வி இது தான். கப்பல்ல யாராவது செத்துப்போனா கருப்புக் கொடி ஏத்துவாங்களா? சண்டை முடிஞ்சு ஊர் திரும்பினவங்கள எதுக்கு இப்படி வெளில போட்டு வெச்சாங்க, அதுவும் மைதானத்துல? இத வெச்சு எந்தக் கப்பல், யார் எடுத்ததுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? ஸ்கேன் பண்ணி கீழ போட்டிருக்கேன், படம் ரொம்பச் சின்னது, தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான்.


லென்ஸ்மாமா:

தம்பி முதல்ல அளந்து சொல்லுங்க, 4 க்கு 6.5 சென்டிமீட்டர் வருதா? வந்தா அது வெஸ்ட் பாக்கெட் கோடாக்ல எடுத்தது, நெகட்டிவ் என்ன சைஸோ பிரிண்டும் அதே சைஸ், பெருசு பண்ணாம நேரா காகிதத்து மேல வெச்சு எடுத்தது. 1912ல வந்த கேமரா, மடிச்சா சட்டைப் பையில போயிடும், சண்டை ஆரம்பிச்சதும் "சிப்பாயோட கோடாக்"னே விளம்பரம் பண்ணி வித்தாங்க. பிரான்ஸ் பக்கம் மேற்கு முனையில சிப்பாய் கேமரா வெச்சிருக்கவே கூடாதுன்னு தடை இருந்துது, இருந்தாலும் வெச்சிருந்தாங்க, அதனால தான் உங்க ஆல்பத்துல எகிப்து படம் நெறைய இருந்து பிரான்ஸ் படம் கொஞ்சமா இருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்ப கொடிக்கு வரேன். அது கருப்புக் கொடியா இருக்க வாய்ப்பு கம்மி, மஞ்சள் கொடியா இருக்கத்தான் ஜாஸ்தி. அந்தக் காலத்து ரோல் ஃபிலிம் எல்லாம் ஆர்த்தோக்ரோமேடிக், அதாவது நீலத்துக்கு ரொம்ப உணர்வு, பச்சை மஞ்சளுக்கு கம்மி, சிவப்புக்கு சுத்தமா இல்ல. அதனால நீல வானம் வெளுத்து பேப்பர் மாதிரி ஆயிடும், அதுக்கு முன்னாடி பறக்கற மஞ்சள் துணி இருட்டா விழும், சிவப்பு இருந்தா கருப்பாவே விழும். பழைய படத்துல எல்லாம் வானத்துல மேகமே இல்லாம இருக்கே, வெயில் காலம் போலன்னு நெனைப்போம், அதுவும் இந்த ஃபிலிம் பண்ற வேலை தான். குவாரண்டைன்ல இருக்கற கப்பல் மஞ்சள் கொடி ஏத்தணும்ங்கறது அப்பவே ரொம்ப நாளா இருந்த வழக்கம். பின்னாடி எழுதினதோட இது ஒத்துப்போகுது.

இதே விஷயத்த வெச்சு இன்னொண்ணும் பண்ணலாம். 1918லேர்ந்து வெளிநாட்டுல இருந்த வருஷத்துக்கு ஒண்ணுன்னு வலது கையில கீழ ஒரு வி வடிவப் பட்டை தைச்சுக்குவாங்க, 1914லயே போனவனுக்கு முதல் பட்டை சிவப்பு, மத்ததெல்லாம் நீலம். உங்க படத்துல எவன் கையிலயாவது அடிப்பட்டை மட்டும் கருப்பா, மேல இருக்கறது வெளிறிப்போயும் இருந்தா அவன் 1914ல போன ஆளு. அந்த முதல் கூட்டம் 1914 நவம்பர் 1 அன்னிக்கு மேற்கு ஆஸ்திரேலியால இருக்கற ஆல்பனி துறைமுகத்துலேர்ந்து கெளம்பினது, நாலு வருஷத்துக்கு மேல வீட்டையே பாக்காதவன். இடது கையில நெட்டா ஒரு சின்னக் கோடு இருந்தா காயம் பட்டவன்.

தோள்ல துணி ஒட்டு இருக்கும் பாருங்க, எந்த டிவிஷன், அதாவது படைப்பிரிவுன்னு காட்டறது, அதோட வடிவம் முக்கியம். படுத்த செவ்வகம்னா முதல் டிவிஷன், டைமண்ட்னா ரெண்டாவது, முட்டை வடிவம் மூணாவது, வட்டம் நாலாவது, நின்ன செவ்வகம் அஞ்சாவது. அதுல பித்தளைல ஏ எழுத்து இருந்தா துருக்கில நடந்த கல்லிப்போலி சண்டைய பாத்த ஆளு.

கடைசியா, படத்தோட ஓரத்துல மெலிசா கருப்புப் பட்டை எங்கயாவது இருக்கா, அதுல வெள்ளையா கிறுக்கின மாதிரி? 1915லேர்ந்து வந்த மாடல்ல பின்னாடி ஒரு சின்னக் கதவு உண்டு, அத தெறந்து ஊசி மாதிரி ஒரு குச்சியால ஃபிலிமோட பின்காகிதத்துல குறிப்பு எழுதலாம், அது ஃபிலிம்லயே பதிஞ்சுடும். பென்சில விட அத நான் நம்புவேன்.


நக்கல்நாயகம்:

லென்ஸ்மாமா சொன்ன கடைசி வரிக்கு ஒரு லைக். பென்சில் எழுத்து யாரோடதுன்னு தெரியாம யாரும் கதை கட்டாதீங்கப்பா. சந்தையில விக்கறவன் கூட எழுதுவான், பேரன் பேத்தி நாப்பது வருஷம் கழிச்சு பாட்டி சொன்னத வெச்சு எழுதுவாங்க. மத்த படங்களுக்கு பின்னாடியும் அதே கையெழுத்தா? மேல அந்த சிரிக்கற மூஞ்சிகளப் பாத்து "ஊர் வந்த சந்தோஷம்"னு யாராவது எழுதறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், கேமரா முன்னாடி எல்லாரும் சிரிப்பாங்க.


ஹார்பர்வாசி:

முதல் படம் பாத்த உடனே எனக்கு நம்ம சிட்னி மேன்லி பக்கம் நார்த் ஹெட் குவாரண்டைன் ஸ்டேஷன்னு தோணிடுச்சு. நான் அந்த ஏரியால தான் இருக்கேன், ஊர்லேர்ந்து யாரு வந்தாலும் அங்க கூட்டிட்டுப் போறது என் தலையெழுத்து. 1830கள்லேர்ந்து 1984 வரைக்கும் ஓடின இடம், இப்ப ஹோட்டல். கப்பல்லேர்ந்து எறங்கற துறை ஒரு சின்ன வளைகுடால இருக்கு, அங்கேர்ந்து மேடு ஏறும், அந்த ஏத்தத்துல சாமான் இழுக்க ஒரு தண்டவாளம் போட்டிருப்பாங்க. உங்க படத்துல இடது ஓரத்துல சாய்வா ஒரு கோடு போகுதே, அது அந்த வழியா இருக்கலாம், அடிச்சு சொல்ல மாட்டேன்.

அங்க எறங்கினா என்ன நடக்கும்னா, மூட்டை முடிச்சு எல்லாம் பெரிய இரும்பு உருளைக்குள்ள போயிடும், ஆவில வேக வெச்சு கிருமி நீக்குவாங்க, ஆளுங்க கார்பாலிக்ங்கற கிருமிநாசினி கலந்த தண்ணில குளிக்கணும். 1918-19ல உலகம் முழுக்க பரவின ஸ்பானிஷ் ஃப்ளூ சமயத்துல ஒரு ரூம்ல அடைச்சு ஜிங்க் சல்ஃபேட் ஆவிய மூச்சு இழுக்க வெச்சாங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்லன்னு இப்ப தெரியும், நுரையீரல் எரிஞ்சது தான் மிச்சம். தங்கற இடமும் கப்பல் டிக்கெட் மாதிரியே முதல் வகுப்பு ரெண்டாம் வகுப்பு மூணாம் வகுப்புன்னு பிரிச்சது, ஆசியாக்காரங்களுக்குன்னு தனியா கீழ ஒரு எடம், அத எந்த கைடும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான், நான் தான் நின்னு கேட்டுட்டு இருப்பேன். பாறைல எல்லாம் சும்மா இருந்தவங்க பேரும் கப்பல் பேரும் வருஷமும் செதுக்கி வெச்சிருக்காங்க, 1000க்கு மேல இருக்கு, சீன எழுத்து ஜப்பான் எழுத்து எல்லாம் உண்டு. ப்ரோ உங்க கப்பல் எதுன்னு தெரிஞ்சா அங்க போய் தேடலாம்.

ஆனா ரெண்டாவது படம் நார்த் ஹெட் இல்லவே இல்ல. அங்க அவ்ளோ பெரிய சமதளப் புல்வெளியும் கெடையாது அந்த மாதிரி கட்டடமும் கெடையாது. எனக்கு அது சிட்னி கிரிக்கெட் கிரவுண்டோட மெம்பர்ஸ் பெவிலியன் மாதிரியே இருக்கு. 1886ல கட்டினது, பக்கத்துல 1896ல லேடீஸ் ஸ்டாண்ட், ரெண்டும் இன்னிக்கும் நிக்குது, சுத்தி எல்லாம் கான்கிரீட் வந்தப்பறமும் அது ரெண்ட மட்டும் இடிக்கல. டிவில மேட்ச் பாக்கறவங்களுக்கு அந்த கூரை பழக்கமா இருக்கும். குவாரண்டைன்னு ஏன் அங்க எழுதியிருக்குன்னு தான் எனக்கும் புரியல.


கப்பல்கிறுக்கு:

நான் காத்துட்டு இருந்த திரெட் இது!!

ஹார்பர்வாசி சொன்னது கிரிக்கெட் கிரவுண்டா இருந்தா விடை ஒரே கப்பல் தான், ஆர்கில்ஷயர். 1919 பிப்ரவரில அந்தக் கப்பல்ல வந்த சிப்பாய்ங்கள நார்த் ஹெட்ல எறக்கினாங்க. எடம் கேவலமா இருக்கு, எலி, பாம்பு, எங்கள இங்க வெக்க முடியாதுன்னு சொல்லிட்டு கிட்டத்தட்ட 900லேர்ந்து 1000 பேரு மூட்டைய தூக்கிட்டு வெளில நடந்துட்டாங்க. யாரும் துப்பாக்கி எடுக்கல, கலவரம்னு எல்லாம் இல்ல, வரிசையா மேன்லி வரைக்கும் நடந்து அங்கேர்ந்து படகு ஏறி நகரத்துக்கு வந்து நேரா கிரிக்கெட் கிரவுண்டுக்குப் போயிட்டாங்க, மிச்ச குவாரண்டைன அங்க கழிச்சாங்க. அதாவது குவாரண்டைனே வேணாம்னு வீட்டுக்கு ஓடல பாத்தீங்களா, எடத்த மாத்தச் சொன்னாங்க. எனக்கு இந்தக் கதைல ரொம்பப் பிடிச்ச விஷயம் இது தான், ஆனா பேப்பர்ல எழுதறவங்க "தப்பி ஓட்டம்"னு மட்டும் தலைப்பு போட்டுட்டு போயிடுவாங்க.

அவங்க கோவத்துக்கு ஒரு பின்னணியும் இருக்கு. ஆஸ்திரேலியா 1918 அக்டோபர் 17 அன்னிக்கே கப்பல் குவாரண்டைன் ஆரம்பிச்சுட்டாங்க, நியூசிலாந்துலயும் தென்னாப்பிரிக்காலயும் ஃப்ளூ பரவுதுன்னு சேதி வந்த உடனே. மறுநாளே சிங்கப்பூர்லேர்ந்து வந்த மாதரம்ங்கற கப்பல் நோயோட டார்வின் வந்து நின்னுச்சு. அடுத்த ஆறு மாசத்துல 323 கப்பல நிறுத்தினாங்க, அதுல 174ல நோய் இருந்துது, 81,510 பேர சோதிச்சதுல 1,102 பேருக்கு இருந்துச்சு. இவ்ளோ காவல் போட்டும் 1919 ஜனவரில மெல்பர்ன்ல நோய் உள்ள வந்துடுச்சு, சிட்னிக்கு அது வந்தது கப்பல்ல இல்ல, மெல்பர்ன்லேர்ந்து ரயில் ஏறி வந்த ஒரு சிப்பாய் மூலமா. ஆக பிப்ரவரில இவங்க துறைமுகத்துக்கு வரும்போது சிட்னி ஜனங்களே மூஞ்சில துணி கட்டிட்டு திரியறாங்க, ஸ்கூல், தியேட்டர் எல்லாம் மூடியாச்சு. ஊருக்குள்ள நோய் இருக்கு, கப்பல்ல வாரக்கணக்கா கெடந்துட்டு வந்தவன மட்டும் பாம்புப் புதர்ல உக்காருன்னா அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் மனசுல இது தான் ஓடிச்சுன்னு நான் சொல்லல, நானா இருந்தா இது தான் ஓடியிருக்கும்.

இன்னொரு விஷயம், மொத்தம் ஒண்ணரை லட்சம் பேருக்கு மேல திரும்ப கூட்டிட்டு வர வேண்டியிருந்துது, லண்டன்ல உக்காந்து ஆஸ்திரேலியப் படைத்தளபதி ஜெனரல் மோனாஷ் தான் அத நடத்தினாரு. வாரத்துக்கு வாரம் கப்பல் வந்துட்டே இருக்கும், ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கணக்குல ஆளு, குவாரண்டைன் ஸ்டேஷனோ எப்பவோ வந்த புலம்பெயர் கப்பல் கணக்குக்கு கட்டினது. எடம் பத்தாம போனது யாரோட கெட்ட எண்ணமும் இல்ல.


பழசுபிரியன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நான் எதிர்பாக்கல. அளந்தேன், 4 க்கு 6.5 தான். லென்ஸ்மாமா கேட்ட கருப்புப் பட்டை முதல் படத்துல இருக்கு! நான் அத பிரிண்ட் கெட்டுப்போனதுன்னு நெனச்சு ஸ்கேன்ல வெட்டிட்டு தான் போட்டிருந்தேன். இப்ப பெரிய ரெசல்யூஷன்ல எடுத்தேன். முன்பாதி கிறுக்கல், கடைசில "ஷயர்"னு முடியுது, அது மட்டும் தெளிவா இருக்கு. கப்பல்கிறுக்கு அண்ணே நீங்க தெய்வம்.

ஆல்பத்துல மத்த படத்துக்கு பின்னாடி எல்லாம் மையில எழுதியிருக்கு, பென்சில் இந்த ரெண்டுக்கு மட்டும் தான். கையெழுத்து ஒண்ணு மாதிரி இருக்கு, எனக்கு நிச்சயமா சொல்ல வரல.

கைப்பட்டைல அடியில கருப்பு இருக்கற ஆளு ஒருத்தன் ரெண்டாவது படத்துல இருக்கான், தொப்பிய கவுத்துட்டு தூங்கறானே அவன் தான்.


நக்கல்நாயகம்:

தெய்வமெல்லாம் அப்பறம். "ஷயர்"னு முடியற கப்பல் ஒண்ணு தானா? ஆஸ்திரேலியப் படைங்கள ஏத்தின கப்பல்லயே ஷ்ராப்ஷயர், வில்ட்ஷயர், அயர்ஷயர்னு இன்னும் இருந்துதே. முதல் படம் வேற கப்பலா இருந்து ரெண்டாவது படத்த ஃப்ரெண்டு கிட்ட வாங்கி ஒட்டியிருந்தா? சிப்பாய்ங்க நெகட்டிவ மாத்திக்கிட்டே இருப்பாங்க, ஆல்பம் ஒருத்தனோடதுங்கறதால எல்லாப் படமும் அவன் எடுத்ததுன்னு ஆயிடாது.


கப்பல்கிறுக்கு:

நக்கலு சொல்றது சரி தான், ஒத்துக்கறேன், அதுக்குத் தான் ட்ரோவ் இருக்கு. தேசிய நூலகம் பழைய பேப்பர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க. 1919 ஜனவரி கடைசிலேர்ந்து மார்ச் வரைக்கும் கப்பல் பேர் ஒவ்வொண்ணா போட்டு தேடுங்க, எது எப்ப சிட்னிக்கு வந்துது, எது குவாரண்டைன் போச்சு எல்லாம் கெடைக்கும். அதோட திரும்பி வர்ற சிப்பாய்ங்க பேரையும் கப்பல் வாரியா பேப்பர்ல அச்சடிப்பாங்க, வீட்டுக்காரங்க துறைமுகத்துக்கு வர்றதுக்காக. ஒரு கப்பலுக்கு நூத்துக்கணக்குல பேர் வரும், மலைப்பா இருக்கும், ஆனா தோள் ஒட்டு வடிவம் வெச்சு டிவிஷன குறைச்சா, 1914 ஆளுன்னு குறைச்சா கை அடங்கற லிஸ்ட் வரும். அப்பறம் தேசிய ஆவணக் காப்பகத்துல பி2455 வரிசைல ஒவ்வொரு சிப்பாயோட ஃபைலும் ஆன்லைன்ல இருக்கு, எந்தக் கப்பல்ல திரும்பினான்னு அதுலயே எழுதியிருக்கும்.

இத எல்லாம் விட சுலபமான வேலை, ஆல்பம் வித்தவரப் போய் பாருங்க. கிழிச்ச பக்கம் எங்கயாவது தனியா விலைக்கு இருக்கும். பிரமிட் படம் தனியா நல்ல விலைக்குப் போகும்னு பிச்சு விப்பாங்க, பேர் இருக்கற பக்கம் அவங்களுக்கு குப்பை.


தேன்மொழிபெர்த்:

லேட்டா வந்தேன். ஆர்கில்ஷயர் கதைய படிச்சு எல்லாரும் சிப்பாய்ங்க பக்கம் சாயறீங்க, புரியுது, நானும் நர்ஸ், எனக்கு மறுபக்கம் தெரியுது.

எங்க ஊர்ல ஃப்ரீமேண்டில் துறைமுகம் பக்கத்துல வுட்மன் பாயிண்ட்னு ஒரு குவாரண்டைன் ஸ்டேஷன் இருந்துது. பூனான்னு ஒரு கப்பல், 1918 அக்டோபர் கடைசில 1,200 சொச்சம் சிப்பாய்ங்களோட சண்டைக்குக் கெளம்பினது. டர்பன் போய் சேர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சுடுச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க, அங்க சரக்கு ஏத்தும்போது நோயும் ஏறிடுச்சு. டிசம்பர்ல ஃப்ரீமேண்டில் வரும்போது நூத்துக்கணக்குல படுத்துட்டாங்க. ஒரு குண்டு சத்தம் கேக்காத பசங்க. 27 சிப்பாய்ங்களும் 4 நர்ஸ்களும் செத்துப் போனாங்க, அந்த நர்ஸ்கள்ல தானா முன்வந்து உள்ள போனவங்களும் உண்டுன்னு நெனச்சுப் பாருங்க. மிச்ச ஆளுங்கள எறக்க விடாம கப்பல்லயே வெச்சதுக்கு ஊரே கொதிச்சுது, கப்பல்ல நோயாளியும் நல்லவனும் ஒரே காத்த சுவாசிக்கறான், அது குவாரண்டைனே இல்ல. அதனால நான் அதிகாரிங்க பண்ணதெல்லாம் சரின்னு சொல்ல வரல.

நார்த் ஹெட்லயே இன்னொரு கதை இருக்கு, ஹார்பர்வாசி கல்லறைப் பக்கம் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். மெடிக்ங்கற கப்பல் நோயாளிங்கள பாத்துக்கப் போன ஆனி ஈகன்னு ஒரு நர்ஸ், 27 வயசு, 1918 டிசம்பர் 3ம் தேதி அங்கயே இறந்துட்டாங்க. கத்தோலிக்கப் பொண்ணு, கடைசி நேரத்துல பாதிரியார் வேணும்னு கேட்டாங்க, குவாரண்டைன் விதியச் சொல்லி பாதிரியார விடல. சிட்னி ஆர்ச்பிஷப்பே வாசல்ல வந்து நின்னும் விடல. பேப்பர் முழுக்க அது தான். சட்டம் சட்டம்னு நின்ன அந்த ஆளுங்க மேல எனக்கு இன்னிக்கும் கோவம் வருது.

இருந்தாலும் அந்தக் கதவு மூடி இருந்ததால என்ன ஆச்சுன்னு பாக்கணும்னா சமோவாவப் பாருங்க. நியூசிலாந்து ஆட்சில இருந்த மேற்கு சமோவாவுக்கு 1918 நவம்பர் 7ம் தேதி ஆக்லாந்துலேர்ந்து தலூன்னு ஒரு கப்பல் நோயாளிங்களோட வந்துது, யாரும் தடுக்கல. ஜனத்தொகைல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போயிடுச்சு. பக்கத்துலயே அமெரிக்க சமோவா, கப்பல உள்ள விடல, ஒரு சாவு கூட இல்ல. ஆஸ்திரேலியால 12,000லேர்ந்து 15,000 பேரு செத்தாங்க, சின்ன நம்பர் இல்ல, ஆனா மூணு மாசம் லேட்டா வந்ததால கொஞ்சம் பலம் கொறஞ்சு வந்துதுன்னு தான் ஆராய்ச்சி பண்றவங்க நெறைய பேரு சொல்றாங்க. நம்ம சிப்பாய் மைதானத்துல படுத்து தூங்கறதுக்கும் அதுல பங்கு உண்டு.


ஹார்பர்வாசி:

அக்கா அந்தக் கல்லறைக்குப் போயிருக்கேன், அங்கேர்ந்து பாத்தா நகரம் முழுக்க தெரியும். சாகக் கெடந்தவங்க கட்டில்லேர்ந்தும் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன், அது இன்னும் கொடுமை.


நக்கல்நாயகம்:

சின்ன துணைக்கேள்வி, திரெட்ட திசை திருப்பல. இதே சண்டைக்கு நம்ம பக்கத்துலேர்ந்து மெசபடோமியாவுக்கும் பிரான்சுக்கும் லட்சக்கணக்குல போய் திரும்பினாங்களே, அவங்க எடுத்த ஒரு படம் யாராவது பாத்திருக்கீங்களா? 1918 ஜூன்ல பம்பாய் துறைமுகத்துல காவல் நின்ன போலீஸ் சிப்பாய் உட்பட ஏழு போலீஸ்காரங்க காய்ச்சல்ல படுத்தாங்க, அங்கேர்ந்து ரயில் பாதையோட போய் ஒரு கோடிக்கு மேல ஜனம் போச்சு. அங்க வந்த துருப்புக் கப்பல யாரும் மஞ்சள் கொடி போட்டு நிறுத்தல. குவாரண்டைன்ல கோவிச்சுக்கறதுக்கே ஒரு நாட்டுக்கு சொந்தமா முடிவெடுக்கற அதிகாரம் வேணும் போல.


லென்ஸ்மாமா:

நக்கலு, நான் பாத்த படமெல்லாம் அவங்கள யாரோ எடுத்தது தான், அவங்க எடுத்தது இல்ல. சம்பளம் மாசம் பதினொரு ரூபா வாங்கினவன் எங்கேர்ந்து கோடாக் வாங்குவான்.

பழசுபிரியன் தம்பி, நீங்க படத்த ஆல்பத்துலேர்ந்து பிச்சு பிச்சு பின்னாடி பாக்கறீங்கன்னு நெனைக்கறேன், அத நிறுத்துங்க. அந்த கருப்புக் காகிதம் நொறுங்கும், பிசின் விட்ட எடத்துல எமல்ஷன், அதாவது படம் பதிஞ்ச மேல்பூச்சு, உரிஞ்சு வந்துடும். எடுத்த ரெண்டு போதும். டேப் கீப் எதுவும் ஒட்டாதீங்க. அந்த கருப்புப் பட்டைய மட்டும் விளக்க சாய்வா வெச்சு வேற வேற பக்கத்துலேர்ந்து நாலஞ்சு தடவ படம் எடுங்க. குச்சி அழுத்தின அளவு எழுத்துக்கு எழுத்து மாறும், ஒரு வெளிச்சத்துல மறைஞ்சது இன்னொண்ணுல வரும். "ஷயர்"க்கு முன்னாடி நீளமா ஒரு வால் கீழ எறங்கினா அது ஜியாவோ ஒய்யாவோ இருக்கலாம், ஆர்கில்ஷயர்ல ரெண்டும் இருக்கு, வில்ட்ஷயர்ல ஒண்ணு கூட கெடையாது.


பழசுபிரியன்:

மாமா, ராத்திரி டார்ச் வெச்சு எடுத்தேன். "ஷயர்"க்கு முன்னாடி கீழ எறங்கற வால் ரெண்டு இருக்கு, பக்கத்து பக்கத்துல. முதல் எழுத்து பிரிண்ட் ஓரத்தோட வெட்டுப்பட்டுப் போச்சு. படத்த கீழ போட்டிருக்கேன், நக்கல்நாயகம் பாத்துட்டு சொல்லட்டும். சனிக்கிழமை கிரவுண்ட் பக்கம் போய் அதே கோணத்துல பெவிலியன ஒரு படம் எடுக்கறேன், ஹார்பர்வாசி ஃப்ரீயா இருந்தா வாங்க. விக்கற தாத்தா கிட்ட போன் பண்ணினேன், கிழிச்ச பக்கம் ரெண்டு மூணு இன்னும் ஒரு டப்பால இருக்காம், ஆனா விலை இப்ப ஏறிடுச்சு.


நக்கல்நாயகம்:

வால் ரெண்டும் இருக்கு, பாத்தேன். கப்பல் சரி. ஆளு யாருன்னு டப்பாவ வாங்கிட்டு வந்து பேசு, பேரம் பேசும்போது மட்டும் தாத்தா கிட்ட இந்த திரெட்ட காட்டிடாத.